அது நமக்கான சட்டம் இல்லை என்று சொன்னவர்களுக்கு

டெக்சாஸ் வாழ் தமிழ் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த மாதம் நடந்த தீபாவளி விழாவில், நான் ஆயுள் உறுப்பினராக இருக்கும் அமைப்பு ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தது. 2023 நவம்பரில் எஸ்.பி.4 (செனட் மசோதா 4) என்னும் டெக்சாஸ் குடியேற்றச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் அவர். குடியேறி வந்தவர்களின் உழைப்பைப் போற்றி ஐந்து நிமிடம் பேசினார். அரங்கம் கைதட்டியது. அவர் எப்படி வாக்களித்தார் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை; கேட்கவும் இல்லை.

அதே மேடையில் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கு அரை மணி நேரம் ஒதுக்குமாறு நான் இரண்டு முறை எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். 2024 சித்திரை விழாவுக்கு முன்பு ஒருமுறை, இந்த ஆண்டு கோடையில் ஒருமுறை. இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: "அரசியல் வேண்டாம். நாம் சட்டப்படி வந்தவர்கள். அது நமக்கான சட்டம் இல்லை." இந்த மடல் அந்த மூன்று வாக்கியங்களுக்கான பதில். ஓர் அமைப்புக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் எழுதுவதற்குக் காரணம், வேறு நகரங்களில் உள்ள நண்பர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2023 டிசம்பர் 18 அன்று பிரவுன்ஸ்வில்லில் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட சட்டம் இது. அனுமதிக்கப்பட்ட நுழைவாயில் அல்லாத இடத்தில் வெளிநாட்டிலிருந்து டெக்சாஸுக்குள் வருவதை மாநிலக் குற்றமாக ஆக்குகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. வெளியேற்றப்பட்ட பிறகு மீண்டும் வந்தால் தண்டனை கூடும்; சில நிலைகளில் 2 முதல் 20 ஆண்டுகள். நகரக் காவலர், மாவட்ட ஷெரிஃப், மாநிலக் காவலர் என எவரும் கைது செய்யலாம். மாநில நீதிபதி ஒருவரே அந்த மனிதரை எந்த நாட்டிலிருந்து நுழைந்தாரோ அந்த நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி ஆணையிடலாம். அவருடைய புகலிட மனு மத்திய அரசிடம் நிலுவையில் இருந்தாலும், அதைக் காரணம் காட்டி மாநில வழக்கை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது இந்த நாட்டில் புதிய கருத்து அல்ல. 2010இல் அரிசோனா இதே போன்ற ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2012 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளில் மூன்றைச் செல்லாதவை என்று அறிவித்தது. அதற்கும் முன்பு, 1975இல் இதே டெக்சாஸ், ஆவணமில்லாத பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தர மாட்டோம் என்று சட்டம் போட்டது. நம் டாலஸுக்குக் கிழக்கே உள்ள டைலர் நகரப் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கு 1000 டாலர் கேட்டன. 1982இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை அடித்து நொறுக்கியது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். அந்த ஒரு வாக்கினால்தான் இன்றும் நம் பிள்ளைகளின் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது என் வீட்டுக் கூரைக்கு வருகிறேன்.

2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. ஆலங்கட்டி மழையில் சேதமான கூரையை மாற்ற ஆறு பேர் வந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கே ஏறிவிட்டார்கள். வடக்கு டெக்சாஸில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பழைய ஓடுகளைப் பெயர்த்து எறியும் சத்தம், பிறகு ஆணி அடிக்கும் துப்பாக்கியின் தொடர் சத்தம். நான் மேல்தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் சத்தம் திடீரென்று நின்றது. சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால், ஆறு பேரும் கீழே இறங்கி ஒரே கைபேசியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மத்திய அரசும் சில அமைப்புகளும் தொடுத்த வழக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த எஸ்.பி.4 நடைமுறைக்கு வரத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட செய்தி அது. மேஸ்திரி என்னிடம் வந்து, தெரிந்த ஆங்கிலத்தில், இந்தக் குடியிருப்புக்குள் காவல் வண்டி வருவதுண்டா, நெடுஞ்சாலை ஏறாமல் தெற்கே போக வழி இருக்கிறதா என்று கேட்டார். வழி சொன்னேன். பாதிக் கூரையின் மேல் நீலத் தார்பாலின் விரித்து, நான்கு மூலையிலும் ஓட்டுக் கட்டுகளைப் பாரம் வைத்துவிட்டு, இரண்டு வண்டிகளில் பத்து நிமிட இடைவெளி விட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் தண்ணீர் வைத்திருந்த ஆரஞ்சு நிறப் பெரிய குடுவை என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

அன்றிரவு டெக்சாஸ் வழக்குகளை விசாரிக்கும் மத்திய அரசின் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், சட்டத்தை மறுபடி நிறுத்தியது. சில மணி நேரம்தான் அது உயிரோடு இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். மீதி இரண்டு பேர் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மாலைக்குள் கூரை முடிந்தது. இன்று உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஆறு பேரிடம் என்ன ஆவணம் இருந்தது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவர்களில் இங்கேயே பிறந்தவரும் இருந்திருக்கலாம். ஆனால் ஆறு பேரும்தான் பயந்தார்கள். சாலையோரத்தில் ஒரு காவலர் முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் சந்தேகப்படலாம் என்று ஆகிவிட்டால், பயம் ஆவணத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பதில்லை. அதனால்தான் 'நமக்கான சட்டம் இல்லை' என்ற உங்கள் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த ஆண்டு என் தந்தை மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். மாலையில் வேட்டி சட்டையோடு ஏரிக்கரையில் நடக்கப் போவார். பதினெட்டு வயதைக் கடந்த வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய மத்தியச் சட்டத்தை 2025 ஏப்ரல் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள் அல்லவா. அதனால் அவர் இந்த நாட்டுக்குள் வந்ததைப் பதிவுசெய்யும் ஐ-94 தாளை அச்செடுத்து, மடித்து, சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டோடு வைத்து அனுப்பினேன். "எழுபத்தொரு வயதில் நடக்கப் போவதற்குச் சீட்டு வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும் அப்பா என்றேன். அந்தத் தாள் ஒருமுறை சட்டையோடு துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்க் கூழாகிவிட்டது. அன்று மாலை வேறு தாள் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போடும்வரை அவரை வாசல் தாண்ட விடவில்லை. அவர் ஊரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஐந்து வயதுப் பேரன் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்றபடி தம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சந்திக்கும்போது இதைத்தானே பேசுகிறோம்? மேடையில் மட்டும் ஏன் பேசக் கூடாது?

முறையாக விசா வாங்கி வந்தவரை எஸ்.பி.4 நேரடியாகத் தண்டிக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டப்படி இருப்பது என்பதை அந்தச் சட்டம் ஒரு தற்காப்பு வாதமாகத்தான் வைத்திருக்கிறது. அதாவது, பிடிபட்ட பிறகு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பள்ளிகளிலும் வழிபாட்டு இடங்களிலும் மருத்துவமனைகளிலும் இந்தச் சட்டத்தின்கீழ் கைது கூடாது என்று விதிவிலக்கு உண்டு. கோயிலுக்குள் காப்பு இருக்கிறது. கோயிலுக்குப் போகும் சாலையில் இல்லை. இதற்கு முன்பு 2017இல் வந்த, அதே எஸ்.பி.4 என்ற எண் கொண்ட வேறொரு சட்டம் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தி விசாரிக்கும் காவலர் குடியேற்ற நிலையைக் கேட்பதை எந்த நகரமும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2026 ஜனவரி 1 முதல் எஸ்.பி.8 என்னும் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வருகிறது. சிறை நடத்தும் ஷெரிஃப்கள் மத்தியக் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது அது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி.17, சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா ஆகிய நாடுகளைச் சேர்ந்த பலர் இங்கே நிலமும் வீடும் வாங்குவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஆளுநர் வேறு நாடுகளையும் சேர்க்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சீனர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாம் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்தியா இல்லை என்று நிம்மதி அடைந்தோம்.

நிலச் சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1913இல் கலிபோர்னியா மாநிலம், குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 1923இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். முறையாக வந்தவர், முறையாகக் குடியுரிமை பெற்றவர், அதைத்தான் பறித்தார்கள். அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகள் பலர் மெக்சிகப் பெண்களை மணந்திருந்தார்கள். இங்கே பிறந்ததால் குடியுரிமை பெற்ற தங்கள் பிள்ளைகளின் பெயரில் நிலத்தை எழுதிவைத்துப் பிழைத்தவர்கள் அவர்களில் உண்டு. மெக்சிகோக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சம்பந்தம் நூறு வருடப் பழையது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

எல்லையைக் கடந்து வருகிறவர்கள் நம்மவர்கள் இல்லை என்பதும் பொய். 2017 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லையைக் கடந்து இருபத்தைந்து கஜ தூரத்திலேயே பிடிபட்ட ஒருவர் ஈழத் தமிழர். ஊரில் கடத்தப்பட்டு அடிபட்டதாக அவர் சொன்னது வழக்கின் பதிவில் இருக்கிறது. அதிகாரிகள் புகலிடம் மறுத்தபோது அதை நீதிமன்றத்தில் முழுமையாகக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிந்தது. இன்று இந்த நாட்டின் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்த வழக்கின் தலைப்பில் இருப்பது ஒரு தமிழ்ப் பெயர். நம் மேடைகளில் ஈழத்துக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அதே ஈழத்திலிருந்து தப்பி வரும் ஒருவர் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து இங்கே கால் வைத்தால், அவருடைய மனு முடியும் முன்பே அவரை மெக்சிகோவுக்குப் போகச் சொல்லும் சட்டத்துக்கு வாக்களித்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இரண்டையும் ஒரே கையால் எப்படிச் செய்கிறோம்? மெக்சிகோ அரசோ, டெக்சாஸ் அனுப்பும் எவரையும் ஏற்க மாட்டோம் என்று அன்றே அறிவித்துவிட்டது. அப்படியானால் அந்த மனிதர் எங்கே நிற்பார்?

2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கிட்டு அமிர்தசரஸில் கொண்டுபோய் இறக்கிய ராணுவ விமானம் நம் சான் அன்டோனியோவிலிருந்துதான் கிளம்பியது. அந்த வாரமும் நம் அமைப்புகள் வாய் திறக்கவில்லை.

2022 ஆகஸ்டில் பிளேனோவில் நடந்ததைச் சிலர் எனக்கு நினைவூட்டினார்கள். உணவகத்துக்கு வெளியே நான்கு இந்தியப் பெண்களை இந்தியாவுக்குப் போ என்று திட்டி அடித்த பெண்மணி தன்னை மெக்சிக அமெரிக்கர் என்று சொல்லிக்கொண்டவர்; அவர்களுக்காகவா நாம் பேசுவது என்று கேட்டார்கள். நியாயமான கோபம். அந்தக் காணொளியைப் பார்த்த இரவு என் மனைவி தூங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி நினைத்ததும், நாம் சட்டப்படி வந்தவர்கள் என்று நீங்கள் சொல்வதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: நான் உள்ளே வந்துவிட்டேன், இனி வருகிறவன்தான் தொல்லை. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அன்று நாமே பட்டறிந்தோம்.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைக் காக்க மாநில அரசு நீதிமன்றத்தில் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று, டெக்சாஸ் 'படையெடுப்பு'க்கு உள்ளாகியிருக்கிறது என்பது. 2024 பிப்ரவரி 29 அன்று ஆஸ்டினில் நீதிபதி டேவிட் எஸ்ரா, 114 பக்கத் தீர்ப்பில், மக்கள் குடியேறி வருவது படையெடுப்பு ஆகாது என்று சொல்லிச் சட்டத்தை நிறுத்தினார். குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி அவர். 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ வால்மார்ட்டில் சுட்டு 23 பேர் சாகக் காரணமானவன் இதே படையெடுப்பு என்ற சொல்லைத்தான் எழுதிவைத்துவிட்டு வந்தான். அவன் புறப்பட்டு வந்தது ஆலன் நகரிலிருந்து. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும், நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வளரும் பகுதி அது. என் கூரை மேல் ஏறியவர்கள் கையில் சுத்தியலும் ஆணியும்தான் இருந்தன. ஓர் அரசு தன் வழக்குரையில் அந்தச் சொல்லை எழுதும்போது, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது அரசியல் கலவாத நிலை அல்ல.

எல்லை ஊர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. ஈகிள் பாஸ் போன்ற சிறு நகரம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாங்க முடியாது. எல்லையில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அந்த ஒழுங்கை ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாக நடத்த முடியாது என்பதே என் வாதம்.

எஸ்.பி.4 வழக்கு 2025 நவம்பர் வரை எங்கே வந்து நிற்கிறது என்பதையும் உறுப்பினர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் மத்திய அரசு தன் வழக்கை விலக்கிக்கொண்டது. எல் பாசோ மாவட்டமும், எல் பாசோவின் லாஸ் அமெரிக்காஸ் குடியேறிகள் மையமும், ஆஸ்டினின் அமெரிக்கன் கேட்வேஸ் என்னும் சட்ட உதவி அமைப்பும் மட்டும் தனித்து நின்று வழக்கை நடத்துகின்றன. ஜூலை 3 அன்று ஐந்தாம் வட்ட அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு வழக்கை மறுபடி கையில் எடுத்துக்கொண்டது. ஒரு மாநில அரசின் முழுக் கருவூலத்துக்கு எதிராக, ஒரு மாவட்டமும், வந்தவர்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்கும் இரண்டு சிறிய அமைப்புகளும் நிற்கின்றன. நம் ஆண்டு விழாவின் ஒலி ஒளிச் செலவு என்ன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வரிவிலக்கு பெற்ற அமைப்பு அரசியல் பேசினால் வரிவிலக்கு போய்விடும் என்று பொருளாளர் ஒருவர் எனக்கு எழுதினார். இல்லை. தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோதான் கூடாது. ஒரு சட்டம் தவறு என்று சொல்லலாம். அளவோடு சட்டமன்றத்திடம் கோரிக்கையும் வைக்கலாம். 2026 மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் இருக்கும்போது பதவியில் உள்ள ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதுதான் அந்தக் கோட்டுக்கு அருகில் போவது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வரும் பொங்கல் விழாவில், நிகழ்ச்சிகள் தொடங்கும் முன், அரை மணி நேரம் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பேச விடுங்கள். காவலர் வண்டியை நிறுத்தினால் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு மௌனமாக இருக்கலாம், படித்துப் புரியாத எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அவர் தமிழில் சொல்லட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள் முன்வரிசையில் இருக்கும்போதே சொல்லட்டும்.

எஸ்.பி.4 சட்டத்தை எதிர்க்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வையுங்கள். வாக்கெடுப்பு நடத்துங்கள். தோற்றால் தோற்கட்டும், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதாவது தெரியும். வென்றால் அதை ஆளுநருக்கும், தீபாவளியன்று வந்தவருக்கும் கடிதமாக அனுப்புங்கள்.

லாஸ் அமெரிக்காஸ், அமெரிக்கன் கேட்வேஸ் இரண்டுக்கும் நம் அறக்கட்டளை நிதியிலிருந்து நன்கொடை கொடுங்கள். தொகையை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் என் பங்காக 500 டாலரை முதலில் தருகிறேன்.

இனி எந்த மக்கள் பிரதிநிதியை அழைத்தாலும், குடியேற்றச் சட்டங்களில் அவர் எப்படி வாக்களித்தார் என்பதை அழைப்பிதழோடு உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். மேடையில் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்க அனுமதியுங்கள். நம் செய்திமடலில் 'கள்ளக் குடியேறிகள்' என்று அச்சிடுவதை இந்த இதழோடு நிறுத்துங்கள்.

டிசம்பர் 15க்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால், ஆயுள் உறுப்பினர் என்ற முறையில், விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு உறுப்பினர்களின் கையெழுத்துகளைத் திரட்டிச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டும்படி கேட்பேன். இதுவரை முப்பத்தோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆயுள் உறுப்பினர்,
டாலஸ், 2025 நவம்பர்